பள்ளிப்பார் தொலைந்த வருடம்

கம்பம் பாதி எழும்பியிருந்தபோதே முதல் சகன் வந்து சேர்ந்துவிட்டது.

சகன் என்பது எங்கள் ஊரில் ஐந்தாறு பேர் வட்டமாக இருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, வாழையிலையால் மூடி, ஒரு பெண் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் ஒரு கிழவர், கையில் சீனிப் பொட்டலம்.

"என்ன கந்தூரிகா இது? எங்களுக்கு ஆரும் சொல்லல்லயே" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே போனாள்.

வாசலின் மறுபக்கம் இளைஞர் கூட்டம் ஒன்று முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றது. "கந்தூரி மாசமும் இல்ல, ஒண்டுமில்ல. ஆரக் கேட்டுக் கொடி ஏத்துறீங்க?" என்று ஒருவன் உள்ளே பார்த்துக் கேட்டான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அவுலியாக்கள் பேரில் கொடி ஏற்றிக் கந்தூரிச் சோறு கொடுப்பது கூடும் என்போர் பாதி, கூடாது என்போர் பாதி. இரண்டு பாதியும் அன்று காலையில் ஒரே முற்றத்துக்கு வந்துவிட்டன.

நானும் என் அக்கா, ராத்தாவும் பள்ளிவாசலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடும் ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டு மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கம்பத்தின் நுனியில் காற்றை வாங்கி உப்பிக்கொண்டிருந்த வெள்ளைத் துணி, முதல் நாள் நான் தையல் மெசினில் வைத்து மூட்டியது. ராத்தாவின் புருஷன், எங்கள் ஆதம்பாவா மச்சான், ஜும்ஆவுக்கு உடுக்கும் வெள்ளைச் சாரன்கள் இரண்டு. ஊர் இரண்டுபட்டு நின்றது மச்சானின் சாரனைப் பார்த்துத்தான்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ராத்தா சிரிக்கவில்லை. மச்சான் ஊரில் இருப்பதா, குவைத்துக்குப் போவதா என்பது அந்தக் கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மொட்டையாய்ப் போன கரை

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேதிகள் நினைவில் நிற்பதில்லை, வாசனைதான் நிற்கும். அந்த வருடம் முழுக்க ஊரில் அழுகிய தென்னங்குருத்தின் வாசனை. கடற்கரைத் தென்னைகள் ஒன்றுவிடாமல் விழுந்து கிடந்தன. தப்பியது ஒரே ஒரு பனை. பனைக்குப் பிடிவாதம் அதிகம், அது எங்கள் உம்மாவின் சாதி.

பள்ளிவாசலின் பழைய மினாராவும் இடுப்பில் வெடித்துவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஊர் கூடியது. பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிறவரை எங்கள் பக்கம் மரைக்கார் என்போம். அப்போதிருந்த மரைக்கார் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார், ஆட்டிய பிறகுதான் யோசிப்பார்.

அந்தக் கூட்டத்தில் எழும்பி நின்று பேசியது எங்கள் மச்சான். கடல் தொழிலாளர் சார்பாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மரைக்கார், கட்டுறதக் கொஞ்சம் ஒசரமாக் கட்டுங்க. கடல்ல நிண்டு பார்த்தாத் தெரியணும். எங்களுக்கு அது போதும்."

மரைக்கார் தலையை ஆட்டினார். உயரமாகக் கட்ட வேண்டுமானால் பழைய இடம் சரிவராது என்றார் மேசன். பழைய மினாரா நின்றது வடக்கு மூலையில், தொழுகைக்கு ஒழு எடுக்கும் ஹவுல் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே நிலம் ஈரம், பாரம் தாங்காது. தெற்கே வாசலடியில் கட்டலாம் என்றார். அதற்கும் முதல் ஆளாக ஓம் என்றவர் மச்சான்தான்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் கடலில் இறங்க முடியாது. போட்டுகளைக் கரையில் ஏற்றிவிட்டு எல்லோரும் மினாராவுக்கு மண் சுமந்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரட்டையில் மண் கொண்டுபோய்க் கொட்டின. வெள்ளையடித்து முடித்த அன்று கல்முனைச் சந்தைக்கு வந்துபோன சனமெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

கடல் அடங்கியதும் மச்சான் போட்டை இறக்கினார். அன்று வெறும் பறியோடு வந்தார். மறுநாளும் அப்படியே.

கடலில் வீட்டு நம்பர் கிடையாது

பள்ளிப்பாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பார் என்றால் கடலடியில் எழும்பி நிற்கும் கல்மேடு. எங்கள் ஊருக்கு நேரே, கரை ஒரு கோடாகத் தேயும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தது. நெல் காயப்போடும் களம் ஒன்றின் அளவுதான் இருக்கும் என்பார் மச்சான். ஆனால் கலவாயும் விளைமீனும் பாரைமீனும் அங்கேதான் கூடும். மூன்று போட்டுகள் அந்தப் பாரை நம்பிப் பிழைத்தன.

மேலே நின்று பார்த்தால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். பார் எங்கே என்று எப்படித் தெரியும்? கரையைப் பார்த்துத்தான். இதைக் குறி என்பார்கள். தென்மேற்கே சாகாமத்துப் பக்கம் தெரியும் மலையின் இரண்டு முகடுகளும் ஒன்றுக்குள் ஒன்று மறைய வேண்டும். அதே நேரத்தில் கரையில் நிற்கும் ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் பள்ளி மினாரா வர வேண்டும். இரண்டும் கூடும் இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் அடியில் பார். மினாராவை வைத்துக் கண்டதால்தான் அதற்குப் பள்ளிப்பார் என்று பெயர்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மினாராவைத்தான் நாங்கள் நகர்த்திவிட்டோமே.

எங்கள் ஊருக்கு இது விளங்கப் பல மாதம் பிடித்தது. சூறாவளி பாரையே புரட்டிப் போட்டுவிட்டது என்றார்கள் சிலர். மீனிலிருந்து பரக்கத் போய்விட்டது என்றார்கள் சிலர். மச்சானுக்குக் கண் மங்கிவிட்டது என்றார்கள் அவருடைய போட்டில் போனவர்கள். சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வேறு போட்டுக்கு மாறினார்கள்.

மேலேயிருந்து விழும் சோறு

ஒரு சின்னப் பாருக்கு ஏன் இந்தப் பாடு, பக்கத்தில் இல்லாத மீனா என்று நானும் அப்போது நினைத்ததுண்டு. பிற்பாடு அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது அங்கே வாசிகசாலையில் கடலடியைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைக் கண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகாமல் அதை வாசித்தேன். பரீட்சைக்கு அதிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை, ஆனாலும் நட்டமில்லை.

எங்கள் கரையிலிருந்து கடலடி கொஞ்சத் தூரம் வயல் போலச் சமமாகப் போகும். பிறகு கிணற்றுக்கட்டைத் தாண்டிய மாதிரி சடக்கென்று இறங்கிவிடும். அதற்குக் கீழே வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் பயிர் விளையாது.

பயிரெல்லாம் வெயில் எட்டும் மேல் தண்ணீரில்தான். கண்ணுக்கே தெரியாத பொடிப்பயிர். அதை மேய்கிறவையும், அவற்றைத் தின்கிறவையும் செத்தும் கழித்தும் சிந்தியும் விடுவது, அரிசி மா சலிப்பது போல இரவும் பகலும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இருட்டில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் சோறு.

ஆனால் அந்தச் சோறு எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. சகனைச் சற்றுச் சரித்து வைத்தால் கறி எந்தப் பக்கம் ஓடும்? மேட்டுப் பக்கம் இருக்கிறவனுக்கு வெறுஞ்சோறு, பள்ளத்துப் பக்கம் இருக்கிறவனுக்குக் குழம்பு. கடலடியிலும் சரிவில் விழுந்தது தங்காது. வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சேரும். அங்கே களியில் புதைந்திருக்கும் புழுவும் நண்டும் கடலட்டையும் அதை உண்டு கொழுக்கும்.

பாரில் வேறு ஏற்பாடு. ஓடிவரும் நீரோட்டம் கல்லில் முட்டி மேலே ஏறும். ஏறும்போது ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரையும் அதிலுள்ள சத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். ஓட்டம் வேகமாக இருப்பதால் களி படியாது, கல் எப்போதும் கழுவிய மாதிரி இருக்கும். அந்தச் சுத்தமான கல்லில்தான் பவளமும் கடற்பஞ்சும் காலூன்றும். அவை எங்கும் போகத் தேவையில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும், நீரோட்டம் ஊட்டிவிட்டுப் போகும். அவற்றின் இடுக்குகளில் சிறுமீன். சிறுமீனைத் தேடிக் கலவாய். கலவாயைத் தேடி எங்கள் மச்சான்.

ஆகவே அடியில் ஒரு கல் கொஞ்சம் எழும்பியிருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில்தான் எங்கள் வீட்டு உலை கொதிப்பது இருந்தது. இதை வாசித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் ராத்தாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். "கடலெல்லாம் இரிக்கட்டும், நீ நல்லாச் சாப்பிடு" என்று பதில் வந்தது.

கொழுப்பில் ஒட்டிய உமி

மச்சான் சும்மா இருக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் மாட்டின் கொழுப்பைக் கேட்டு வாங்கி, ஈயக்குண்டின் அடியில் அப்பி, கயிற்றில் கட்டிக் கடலடிக்கு இறக்கினார். அடியில் என்ன கிடக்கிறதோ அது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். பார் என்றால் சிவந்த பவளப் பொடி ஒட்டும். அவருக்கு வந்தது சாம்பல் நிறக் களி.

ஒருநாள் அந்தக் களியை விரலில் வழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். தூர் வாரிய கிணற்றின் வாசம் அடித்தது. அதற்குள் மினுங்கியது நெல் உமி.

"இஞ்ச பாரு தங்கச்சி. எங்கட மில்லு உமி."

சூறாவளி வெள்ளம் வயலையும் ஆலையையும் கழுவி ஆற்றுவாயால் கடலுக்குள் தள்ளியதெல்லாம் அங்கே போய்க் கிடந்தது. பாருக்கு வடக்கே ஒரு நீண்ட பள்ளம், கடலுக்குள்ளே ஓர் ஆறு ஓடுவது போல, ஆழத்தை நோக்கி இறங்குகிறது. நிலத்துக் குப்பையும் கடல் குப்பையும் அதன் வழியாகத்தான் அடிக்குப் போகின்றன. அப்படிப்பட்ட பள்ளங்கள்தான் ஆழ்கடலின் சாப்பாட்டுப் பாதை என்று பிறகு வாசித்தேன்.

அதே பள்ளத்தில் இன்னொரு போட்டுக்காரர் நீளத் தூண்டில் இறக்கி ஒரு சுறாவைப் பிடித்தார். கறுத்த உடம்பு, பச்சையாக ஒளிரும் பெரிய கண். வயிற்றைக் கீறினால் பாதிக்கு மேல் ஈரல்தான். கடற்கரையில் யாரும் அதை வாங்கவில்லை. நல்ல தீனி தின்ற உடம்பு என்பது மட்டும் தெரிந்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லாத அந்த வருடத்தில் அடியில் இருக்கிறவர்களுக்குப் பெருநாள்.

மச்சானுக்கு அந்த உமியே போதுமாக இருந்தது. "உமி பார்ல நிக்காது, ஓட்டம் கொண்டுபோயிரும். அப்ப நாம நிக்கிறது பார்ல இல்ல. பார் இடம் மாறல்ல தங்கச்சி. மாறினது நாமதான்."

கத்தரிக்காய் மினாரா

அன்று பகல் சாப்பாட்டில்தான் அவர் அதைப் போட்டு உடைத்தார். சகனில் சோற்றுக்கு நடுவே ஒரு பச்சை மிளகாயை நட்டார். "இது பனை." அதற்குக் கொஞ்சம் பின்னால் ஒரு கத்தரிக்காய்த் துண்டு. "இது மினாரா." இரண்டையும் தொட்டு விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு சகனின் விளிம்பில் இருந்த மீன்முள்ளில் போய் நின்றது.

பிறகு கத்தரிக்காயை ஒரு விரல் அளவு தெற்கே தள்ளிவிட்டு மறுபடியும் இழுத்தார். கோடு வடக்கே சாய்ந்து, சகனை விட்டு இறங்கி, ராத்தாவின் மடிக்குப் போனது.

பனையும் மினாராவும் கிட்டக் கிட்ட நிற்பவை. கரையில் சில கவடு தூரம் மாறினால் கடலில் அரைக் கட்டை, அதாவது அரை மைல், மாறிவிடும். மினாரா தெற்கே போக, போட்டுகள் வடக்கே போய்ப் பள்ளத்தில் நின்றுகொண்டு மீனைத் தேடியிருக்கின்றன.

"அப்ப அரைக் கட்டை தெற்கால போய்ப் பாருங்களேன் மச்சான்" என்றேன்.

"கடல்ல அரைக் கட்டைய எதால அளக்கிற? நீரோட்டம் நிண்ட எடத்தில நிக்க விடுமா? மத்தக் குறியெல்லாம் சூறாவளி கொண்டு போயிட்டு."

"ஊர்ல சொல்லுங்களேன்" என்றாள் ராத்தா.

மச்சான் சாப்பிடுவதை நிறுத்தினார். "என்னண்டு சொல்ற புள்ள? ஒசரமாக் கட்டுங்க எண்டு கேட்டது நான். அங்க கட்டுங்க எண்டதுக்கு ஓம் எண்டதும் நான். இப்ப பள்ளிட மினாராவாலதான் மீன் போச்சு எண்டு என்ட வாயால சொல்லவா? பொம்புளப் புள்ளயளெல்லாம் மண் சுமந்த மினாரா."

அதற்குப் பிறகு அவர் குவைத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஏஜென்சிக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். சீமெந்து வேலை. பாஸ்போட் எடுத்தாயிற்று, இனிக் கூப்பிட ஆள் வர வேண்டியதுதான் மிச்சம்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவுக்கும் வாப்பா கட்டிக்கொடுத்த வீடு இருந்தது, பிள்ளைகள் மூன்று இருந்தன, அரிசிக்கும் ஏதோ ஒரு வழி இருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த வீட்டுக்குள் அந்த மனிதர் இருப்பதுதான். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மச்சான் குவைத் என்று தொடங்கினால் அவள் எழும்பிப் போய்த் தேங்காய் துருவுவாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பால்கறிக்குக் குறைவில்லை.

அப்படித் துருவிக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பழைய மினாரா நிண்ட எடத்தில ஒரு கம்ப நட்டாத் தெரியாதா?"

ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும்

மரைக்காரிடம் மச்சான் தனியாகப் போய்ச் சொன்னார். மரைக்கார் வழக்கம்போல முதலில் தலையை ஆட்டினார். பிறகு யோசித்தார். விடியற்காலைச் சுபஹு முடிந்து நடுப்பகல் ளுஹர் பாங்கு வரைக்கும் நிற்கலாம், அதற்குமேல் ஒரு நிமிஷம் கூடாது, ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லாமல் விட்டதுதான் பிழை. சொல்லியிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும்.

காரைதீவிலிருந்து கந்தையா அண்ணன் வந்தார். எங்கள் கலியாண வீடுகளுக்கும் அவர்களுடைய கோயில் திருவிழாவுக்கும் பந்தல் போடுகிறவர். மூன்று மூங்கிலை ஒன்றோடொன்று பிணைத்து, பழைய மினாராவின் உயரத்துக்கு ஒரு கம்பம் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "தம்பி ஆதம்பாவா, இது அசைஞ்சா என்னைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கினார்.

மச்சான் விடியும்போதே கடலுக்குப் போய்விட்டார். கூடப் போனவர் ஒரே ஒருவர்தான், மற்றவர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். கம்பம் எழும்பும் நேரத்தில் அவர் மலையின் முகடுகளை ஒன்றாக்கிக்கொண்டு கரையைப் பார்த்தபடி நிற்பார் என்பது ஏற்பாடு.

வெள்ளைத் துணியும் கம்பமும் பந்தல்காரரும் பள்ளி முற்றமும். பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? மீன் இல்லாத வருடம், மரைக்கார் மீனுக்காகக் கந்தூரி கொடுக்கிறார் என்று ஒரு பாதி அடுப்பை மூட்டியது. மற்றப் பாதி வாசலுக்கு ஓடி வந்தது.

"கம்ப எறக்குங்க" என்றான் முன்னால் நின்ற இளைஞன். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். கந்தையா அண்ணன் ஒன்றும் விளங்காமல் மரைக்காரைப் பார்த்தார்.

மரைக்கார் கையை உயர்த்தினார். "இது கொடி இல்ல வாப்பா. மினாரா."

"மினாரா அந்தா நிக்கிது."

"அது இரிக்கிற மினாரா. இது முந்தி இரிந்த மினாரா."

யாருக்கும் விளங்கவில்லை. மரைக்காருக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை; சொன்னால் மச்சானின் பெயரைச் சொல்ல வேண்டும். கயிற்றைப் பிடித்தவர்கள் இழுக்கத் தொடங்கினார்கள். கம்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. கடலில் அந்த நேரம் மச்சானுக்கு எந்தக் கோடு தெரிந்திருக்குமோ.

அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மதிலுக்கு மேலாகப் பேசினாள். கூட்டத்தில் ஆண்களுக்கு முன் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. கத்தவில்லை. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரல்தான்.

"அந்தக் கயித்த விடுங்க தம்பிமாரே. அது கொடியும் இல்ல, கந்தூரியும் இல்ல. என்ட புருஷன்ட சாரன்."

கயிறு இழுபடுவது நின்றது.

"பழைய மினாராவப் பார்த்துத்தான் பள்ளிப்பாரக் கண்டுபிடிச்ச. மினாரா எடம் மாறினதும் பார் தவறிப்போச்சு. புது மினாராவில ஒரு பிழையும் இல்ல. நானும் மண் சுமந்த ஆள். ஆனா கடலுக்கு அது தெரியாதே. அவர் இப்ப கடல்ல நிண்டு இந்தக் கம்பத்தத்தான் பார்த்திட்டு நிக்கிறார். இண்டைக்குப் பார் கெடைக்கல்ல எண்டா அவர் குவைத்துக்குப் போயிருவார்." அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு அவர் போறதில விருப்பமில்ல."

பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் புருஷனிடம் சொல்லாததை அவள் ஊரிடம் சொல்லிவிட்டாள்.

முன்னால் நின்ற இளைஞன் கயிற்றைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். பிறகு கயிற்றை விடாமல் மறுபக்கம் போய், சாய்ந்த கம்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். "கந்தையாண்ணன், நேரா இரிக்கா எண்டு பாருங்க" என்றான்.

ளுஹர் பாங்கு வரைக்கும் ஆள் மாறி ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொண்டுவந்த சோற்றைத் திருப்பிக் கொண்டுபோகப் பெண்களுக்கு மனமில்லை. கொடியில்லை என்றால் சாப்பிடலாம்தானே என்று ஒருவன் கேட்க, இரண்டு பாதியும் ஹவுலடியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டன. கந்தையா அண்ணனுக்கு வாழையிலையில் தனியாகச் சீனி போட்ட சோறு. எங்கள் ஊர் நெய்ச்சோறு அவ்வளவு ருசியாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சிவந்த பொடி

கடலில் நடந்ததை மச்சான் பிறகு சொன்னார். கம்பம் ஒருமுறை சாய்ந்தபோது அவர் போட்டைத் திருப்பியிருக்கிறார், நிமிர்ந்ததும் மறுபடியும் வந்திருக்கிறார். வெள்ளைத் துணி பனையின் முதுகை நெருங்கத் தொடங்கியதும் ஈயத்தை இறக்கினார். முதலில் களி. சற்றுத் தெற்கே போனதும் சிப்பி நொறுங்கல். துணி பனைக்கு நேர் பின்னால் வந்ததும் ஈயம் டொக்கென்று இடித்தது கயிறு வழியாகக் கைக்குத் தெரிந்ததாம். மேலே இழுத்தால் கொழுப்பில் சிவந்த பவளப் பொடி. அதை நக்கிப் பார்த்தேன் என்றார். எதற்கு என்று கேட்டேன். "தெரியா தங்கச்சி, நக்கணும் போல இரிந்திச்சி" என்றார்.

அங்கே நின்றுகொண்டே கரையைப் பார்த்துப் புதுக்குறி எடுத்துக்கொண்டார். பிற்பாடு நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குச் சூறாவளிக்குப் பிறகு போட்ட தகரக் கூரை வெயிலில் பளபளக்கும். அதன் வடக்கு மூலைக்கு நேர் பின்னால் புது மினாரா. இனி அதுதான் குறி.

பின்னேரம் அஸருக்குப் பிறகு போட் கரைக்கு வந்தது. தொட்டியில் வாலை அடித்துக்கொண்டு கிடந்த கலவாய்களைப் பார்க்க ஊரே திரண்டது. குறியை மச்சினனுக்குக்கூடச் சொல்லாத தொழில் அது. மச்சான் மணலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவருடைய போட்டை விட்டுப் போனவர்களும் அங்கே நின்றார்கள். அவர்களையும் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தார், குளித்தார், நன்றாகச் சாப்பிட்டார். குவைத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. போகிறேன் என்றும் இல்லை, போகவில்லை என்றும் இல்லை. ராத்தா மதிலடியில் பேசியது அவர் காதுக்கு எட்டியிருக்கும், ஊரில் அது எட்டாத காது இல்லை. அதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. இஷாவைத் தொழுதுவிட்டுப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

அவர் குறட்டை கேட்டதும் ராத்தா அலமாரியைத் திறந்தாள். ஏஜென்சிக்காரர் சொன்னபடி குவைத்துக்கென்று கல்முனைத் தையற்காரரிடம் தைத்த களிசான், நீளக் காற்சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. மச்சான் வாழ்க்கையில் சாரனைத் தவிர வேறொன்றும் உடுத்தவரில்லை. ஒரே ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சுன்னத்துச் செய்த பிள்ளை மாதிரி நடந்தார்.

ராத்தா அதை என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் விரித்தாள். கத்தரியை எடுத்து, இடுப்பிலிருந்து கால்வரை ஒரே வெட்டு. நல்ல தடித்த துணி. என்னைப் பார்த்தாள். நான் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் பிடித்தாள், நான் மிதித்தேன்.

காலையில் மச்சான் அலமாரியைக் கொஞ்ச நேரம் கிண்டினார்.

"புள்ள, அந்தக் களிசான் எங்க?"

ராத்தா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "என்னத்துக்கு?" என்றாள்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். வாசலில் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகப் புதுப் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். பையின் முன்பக்கத்தில் களிசானின் பின்பை, பொத்தானோடு அப்படியே இருந்தது.

"சும்மா கேட்டன்" என்றார் மச்சான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.